சென்னை விமானமும் வாயாடி கிளாரிஸும்

லாபு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கிளாரிஸை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயாடி என்றால்தான் தெரியும். பால்மரம் வெட்டிக் களைத்து வரும் அவள் அம்மா அந்தோனியம்மாள், "கொஞ்ச நேரம் வாய மூடேண்டி, காது வலிக்குது" என்று கெஞ்சுவார். கடைசியில் அந்த வாய்க்கே சம்பளம் கொடுத்தார்கள். வானத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் ரேடார் அறையில் வேலை. அன்றிலிருந்து தோட்டத்துக்கு மேலே தாழப் பறக்கும் ஒவ்வொரு விமானத்தையும் காட்டி, "இதுக்கும் ஏம் மவதான் வழி சொல்லுது" என்று அந்தோனியம்மாள் அளக்க ஆரம்பித்தார். கிளாரிஸ் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்வார்.

அதே அறையில் தர்மேந்திரனும் வேலை பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. தீபாவளி வந்தால் அவள் முன்னதாகவே வந்து அவரை வீட்டுக்கு அனுப்புவாள். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வந்து அவளை அனுப்புவார். இருவரும் வாய்ப்பேச்சாகச் செய்துகொண்ட ஏற்பாடு, ஒரு வருடமும் தவறியதில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு முதல் நாள் மாலை தர்மேந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல். போன வருடம் வரை அவருடைய அப்பா முன்னால் நின்று படைத்தார். இந்த வருடம் அப்பாவுக்கே இலை போட வேண்டும், மூத்த மகன் வராமல் யாரும் விளக்கேற்ற மாட்டார்கள். வெளியே மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது.

இருக்கை மாறும்போது ஒவ்வொரு விமானமாக வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும், வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் அந்த அறையின் சட்டம். தர்மேந்திரன் பாதி சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கிளாரிஸுக்கு மனசு கேட்கவில்லை.

"மத்ததெல்லாம் ஸ்கிரீன்ல தெரியுதுண்ணே. போங்க, அப்பாவ காக்க வைக்காதீங்க. நான் பாத்துக்கறேன்லா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். பாசத்தில் செய்ததுதான், ஆனால் தப்பு தப்புதான்.

அவர் சொல்லாமல் விட்டது சென்னையிலிருந்து வரும் விமானத்தை. ஏழாயிரம் அடிக்கு இறங்கலாம் என்று சற்று முன்தான் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். அவசரத்தில் திரையில் மாற்றவில்லை. திரையில் அனுமதித்த உயரம் பழையபடி ஒன்பதாயிரம் என்றே இருந்தது. அதை நம்பிய கிளாரிஸ், அப்போதுதான் கிளம்பியிருந்த பினாங்கு விமானத்தை எட்டாயிரத்துக்கு ஏறச் சொன்னாள். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, இரண்டுக்கும் நடுவே கறுத்த மழைமேகம். இரண்டிலும் பண்டிகைக் கூட்டம்.

சென்னை விமானம் ஒன்பதாயிரத்தில் நிற்கவில்லை. உயரம் காட்டும் எண் குறைந்துகொண்டே போனது. "மாதாவே!" என்று கிளாரிஸ் கத்தவும் அபாய மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பினாங்கு விமானத்தை உடனே வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். அது திரும்பத் தொடங்கியது. ஆனால் போதாது, போதவே போதாது! சென்னை விமானத்தோடு பேசப் பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் அந்த விமானியே பேசிவிட்டார். விமானத்தில் இருக்கும் எச்சரிக்கைக் கருவி மேலே ஏறச் சொல்கிறது, ஏறுகிறேன் என்றார்.

அதற்கப்புறம் தரையில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசி, நீ மேலே, நான் கீழே என்று முடிவு செய்துவிட்டன. இவள் இடையில் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு விமானி அதைக் கேட்டுவிட்டால் போச்சு. சொல்ல ஆயிரம் இருந்தது. பிறந்ததிலிருந்து ஓயாத அந்த வாயைக் கிளாரிஸ் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

திரையில் இரண்டு புள்ளிகளும் நெருங்கின. ஒன்றாயின. பிறகு மெல்ல, அப்பாடா, இரண்டாகப் பிரிந்தன! ஆபத்து விலகியது என்று ஒரு விமானி சொன்னார். அடுத்து இன்னொருவரும் சொன்னார். கிளாரிஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மேலதிகாரி வேறொருவரை உட்கார வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். தர்மேந்திரண்ணன் முழுசாகச் சொல்லவில்லை, நான் சொல்ல விடவில்லை என்றாள் கிளாரிஸ். இருவரையும் இருக்கையிலிருந்து இறக்கி, மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால்தான் திரும்ப உட்கார விட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை தர்மேந்திரன் வழக்கம்போல் வந்து நின்றார். லாபு சிற்றாலயத்தில் பூசை தொடங்கும் நேரம். கிளாரிஸ் புதுச் சேலையில் தயாராக இருந்தாள், ஆனால் எழவில்லை. ஒவ்வொரு விமானமாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். சொன்னாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து கூட்டம் வாசலுக்கு வந்திருந்தது. "எங்கடி போன இவ்ளோ நேரம்?" என்றார் அந்தோனியம்மாள்.

"பேசிக்கிட்டு இருந்தேம்மா."

"ஒன் வாய் என்னைக்குத்தான் ஓயப்போவுதோ!" என்று தலையில் அடித்துக்கொண்டவர், மேலே இரைச்சல் கேட்டதும் முகம் மலர்ந்து பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "பாத்தீங்களா, இதுக்கும் ஏம் மவதான் வழி சொல்லுது!"

கிளாரிஸ் அண்ணாந்து பார்த்தாள். விளக்குகள் மினுங்க, விமானம் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா, இது தர்மேந்திரண்ணன்" என்றாள். "முழுசா ஒப்படச்சிட்டுத்தான் வந்தேன்."