‘என்னுது’ என்று சொன்னவர்

அச்சகத்தில் காலண்டர் சீசன் நேரம். மிஷின் இரைச்சலில் செல்போன் அடித்தது கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு வெளியே வந்து பார்த்தால் குருசாமி அண்ணனின் மனைவி முத்துமாரி மதினி மூன்று முறை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன். “தம்பி, ஒங்க அண்ணன் போயிட்டாக” என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம்.

திருத்தங்கலில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிய குருசாமி அண்ணனை அச்சகத்துக்காரர்களாகிய நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சவூதியில் ஏழு மாதம் சிறையில் கிடந்தவர் என்பதும் தெரியும். எதற்காக என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறீர்கள். கூடவே இருந்த நான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

ரியாத்தில் ஓர் அச்சகத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். இறங்கியதுமே கபீல், அதாவது எங்களை வரவழைத்த முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் கையெழுத்து இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது. மன்னர் வைத்ததே அங்கே சட்டம். அந்த மண்ணில் வேறு சாமியைக் கும்பிடக்கூடாது என்பதைக் கண்காணிக்கத் தனியாக மதக் காவலர்கள் இருந்தார்கள். தங்கியிருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். சுவரில் முருகன் படம் இருந்தது. ஊரிலிருந்து சட்டைக்குள் மடித்து நான் கொண்டுவந்த காலண்டர் தாள். யாருடையது என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு சொல்லவில்லை. அண்ணன் நெஞ்சில் கை வைத்து, “என்னுது” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ஏலே, பேசாம இரு. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா, வெளிய ஓடியாட ஆளு வேணாமா?” என்றார். இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் நம்பியபடி நான் ஓடவில்லை. மறுநாளே அச்சகத்து மேனேஜர் கூப்பிட்டு, “தூதரகத்துக்குப் போனால், அந்த அறையில் வேறு யார் கும்பிட்டார்கள் என்று நானே போலீஸில் சொல்வேன்” என்றார். அண்ணன் ஓட்டிய மிஷினையே என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் தலை நிமிராமல் ஓட்டினேன். அங்கே திருத்தங்கலிலிருந்து மதினி திங்கள்கிழமைதோறும் சூலக்கரைக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன வழக்கு, எந்தச் சிறை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் போனில், “தம்பி, அவுக உசுரோட இருக்காகளா? அத மட்டும் சொல்லுங்க, போதும்” என்று அழுதார். மறுநாள் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுத் தூதரகத்துக்குப் போனேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் எழுதிக் கேட்டு, ஏழாம் மாதம் அண்ணனை விடுவித்து ஊருக்கு அனுப்பினார்கள். மேனேஜர் தன் மிரட்டலை நிறைவேற்றவில்லை. ஆனால் கபீல் எனக்கு இரண்டு வருஷம் ஊர் போகக் கையெழுத்துப் போடவில்லை.

சிறையில் அண்ணனுக்கு வக்கீல் கிடையாது. அரபியில் எழுதிய ஒரு தாளில் விரலில் மை தடவிப் பிடித்து அழுத்தினார்கள். “நாலு கலர் மையில பொரண்ட கை இது. அந்த ஒரு சொட்டு மைதான் போகவே மாட்டேங்கு” என்பார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அதே அறையில் இருந்த மலப்புறத்து முஸ்லிம் ஒருவர்தான் விசாரித்துச் சொன்னாராம். ரகசியமாகக் கோயில் நடத்தியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று. முதலாளியிடமிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டவர் அந்த மலப்புறத்துக்காரர். வாராவாரம் கசையடி முடிந்து வரும்போது அண்ணன் முதுகுக்கு எண்ணெய் தடவிவிட்டதும் அவர்தான். யாராவது அண்ணன் முன்னால் முஸ்லிம்களைப் பொதுவாகத் திட்டினால், “அடிச்சவனும் தொழுதான், தடவுனவனும் தொழுதான். தெரியாமப் பேசாதீக” என்று எழுந்து போய்விடுவார்.

நான் ஊர் திரும்பியதும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். சித்திரை வெயிலிலும் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். “அண்ணே, நான் ரெண்டு மாசம் போகல. பயந்துட்டேன்” என்றேன். மதினி அடுப்படியில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

“தெரியும்லே” என்றார் அண்ணன். “மொத மாசம் ஒம்மேல அம்புட்டுக் கோவம். கையில கெடச்சா கொன்னுருப்பேன். ரெண்டாவது மாசம், ஒன்னையும் புடிச்சிட்டானுகளோன்னு பயம் வந்திருச்சு. அதுக்கப்புறம் கோவப்பட முடியல.”

மதினி உள்ளிருந்து வந்து, “சாப்பிட்டுப் போங்க தம்பி” என்றார்.

அதன் பிறகு வெளிநாடு போக ஒப்பந்தத் தாளோடு யார் வந்தாலும், அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கூட்டிப்போய்ப் படித்துக் காட்டச் சொல்லாமல் அண்ணன் விட்டதில்லை. அதற்காகப் பலர் அவரை நினைத்துக்கொள்வார்கள். நான் நினைவில் வைத்துக்கொள்வது வேறு. அன்றைக்கு அவர் ஒப்புக்கு ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரைத் திரும்ப ஏறிட்டுப் பார்த்திருக்கவே மாட்டேன். கோபப்பட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. அந்தக் கோபம்தான் அண்ணன் எனக்கு விட்டுப்போனது. அதோடு இருந்துகொள்வேன்.