தண்ணீர்மலையில் என் மகளுக்கு மூச்சு வந்த காலை

போன வருசம் முழுக்க எங்கள் வீட்டு ஜன்னல் பாதி மூடியேதான் கிடந்தது. என் மகள் மலருக்கு ஐந்து வயது. காற்று கொஞ்சம் குளிர்ந்தாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவளை வெளியே விடமாட்டேன். அவள் ஏங்குவாளே என்று எட்டு வயது அண்ணன் கவினையும் விடமாட்டேன். இரண்டு பிள்ளைகளும் ஃபிளாட்டுக்குள்ளேயே வாடிப்போனார்கள். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுவேன். "முருகா, இந்தப் பிள்ளைக்கு மூச்சைக் கொடு." பாரம் டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவள் நான். வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

டாக்டர் ஒருநாள் சத்தம் போட்டார். "பிள்ளைய பூட்டி வைக்காதீங்கம்மா. மெதுவா நடக்க விடுங்க. பம்ப் மட்டும் எப்பவும் கையில இருக்கணும்." பம்ப் என்றால், மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அடிக்கும் நீல நிற மருந்து.

அதனால் வருசக் கடைசிப் பள்ளி விடுமுறையில், தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் காட்டுப் பாதையில் பிள்ளைகளோடு நடப்பது என்று முடிவு செய்தோம். அது மழைக்காலம். பினாங்கு வானத்தை அப்போது நம்பவே முடியாது. ஒரு வாரம் திட்டம் போட்டேன். கைப்பேசியில் வானிலையைப் பார்த்தேன். பாசாரில் மீன் விற்கும் அண்ணனையும் விடவில்லை, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழைக்கோட்டு நான்கு, துண்டு, மாற்றுத்துணி, தைலம், பிளாஸ்கில் மைலோ, பேப்பர் கப் பன்னிரண்டு.

"நாலு பேருக்கு எதுக்கு பன்னெண்டு கப்பு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கீழ விழுந்துட்டா?"

"நாம விழாம இருந்தா போதும்லா."

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படும்போது இன்னொன்றும் செய்தேன். புதுக் காடி வாங்கினால் சாவியைச் சாமி பாதத்தில் வைத்து எடுப்போமே, அதே மாதிரி பம்ப்பை முருகன் பாதத்தில் வைத்துத் திருநீறு பூசிக் கும்பிட்டேன். நிம்மதியாகக் கிளம்பினேன்.

வெயில் நன்றாக இருந்தது. மலர் முன்னால் ஓடி ஓடி இலை பொறுக்கினாள். முக்கால் மணி நேரம் ஏறியிருப்போம். முதலில் மலை உச்சி மறைந்தது. அப்புறம் மழை சரசரவென்று இறங்கி வந்தது. மழைக்கோட்டை மாட்டுவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டோம். மலர் உட்கார்ந்துவிட்டாள். அந்த விசில் சத்தம் வந்தது.

பையைக் கவிழ்த்தேன். எல்லாம் இருந்தது. பம்ப் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"வீட்டையே கட்டித் தூக்கிட்டு வந்தியே, அதைப் போயா விட்டே?" என் வீட்டுக்காரர் குனிந்து மலரை வாரினார். "நான் தூக்கிக்கிட்டு எறங்குறேன். நீ கவினைப் பிடிச்சுக்கிட்டு வா." பாதை சேறாகிவிட்டது. இரண்டு அடி வைத்ததும் வழுக்கினார். மலரின் உதடு வெளுத்திருந்தது.

அந்த மழையைத் திட்டினேன். என்னையே திட்டினேன். பிறகு கண்ணை மூடினேன். "முருகா, நான் போட்ட திட்டம் இவ்வளவுதான். இனிமே நீ பாரு." அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

கண்ணைத் திறந்தபோது மேலே ஒரு சிவப்புக் குடை. ஒரு சீன ஆன்ட்டி மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தார். மலரைப் பார்த்ததும் குடையை என் கையில் திணித்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அதே நீலப் பம்ப்! அவருக்கும் இளைப்பு நோயாம். அதற்கு மேல், ஓய்வு பெற்ற நர்ஸாம். சின்னப் பிள்ளைக்கு அப்படியே அடித்தால் மருந்து உள்ளே போகாது என்று மலாயில் சொல்லி, "சாவான் அடா?" என்று கேட்டார். கப் இருக்கிறதா என்று. கவின் ஒன்றுக்கு ஆறாக நீட்டினான். ஒரு கப்பின் அடியில் ஓட்டை போட்டு, பம்ப்பைச் செருகி, மலரின் மூக்கையும் வாயையும் மூடினார். விட்டு விட்டு, ஒவ்வொரு தடவையாக அடித்தார். கொஞ்ச நேரத்தில் விசில் குறைந்தது.

தினமும் அந்த நேரத்துக்குள் அடிவாரத்துக்கே இறங்கிவிடுவாராம். அன்றைக்கு மேலே முதலிலேயே மழை பிடித்துக்கொண்டதால், மலையேறிகள் தேநீர் போடும் தகரக் கொட்டகையில் கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் இறங்கினாராம். நான் திட்டிய அதே மழைதான் அவரை எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தது.

மெதுவாக இறங்கி, நேராகக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் முகமூடி மாட்டிப் புகை மருந்து வைத்தார். என்னை நன்றாகத் திட்டவும் செய்தார். "சாமிய நெஞ்சுல வையிங்க, பம்ப்ப பாக்கெட்ல வையிங்க." இப்போது பம்ப் இரண்டு. ஒன்று என் கழுத்துக் கயிற்றில், ஒன்று என் வீட்டுக்காரர் சட்டைப்பையில்.

நாங்கள் நடப்பதை நிறுத்தவில்லை. விடிந்ததும் கிளம்புவோம். மேகம் இறங்கினால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், பிள்ளைகள் அழுதாலும், திரும்பிவிடுவோம். வானம் நம் கையில் இல்லை. அது யார் கையில் என்று தெரிந்த பிறகு எனக்குப் பயம் பாதியாகிவிட்டது. பயந்து பிள்ளைகளைப் பூட்டி வைத்திருக்கும் அக்கா தங்கைகளே, தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை அவனிடம் விட்டுவிடுங்கள். எங்களோடு ஒரு ஞாயிறு வாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் மலர் பேசிக்கொண்டே வருவாள். காது வலிக்கும். அவளை வாயை மூடச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.