தண்ணீர் கலந்த பெட்ரோலும் நாத்தனார் முடிச்சும்

ஆவணி ஞாயிறு, காலை ஏழேகால். திருவள்ளூரிலிருந்து கிளம்பினோம். கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். அவனுக்கு நான் ஒருத்திதான். முதல் நாளே போயிருக்கலாம். என் அகத்துக்காரர் பெருமாள் கோயில் அர்ச்சகர்; அன்று விடியற்காலப் பூஜை அவர் முறை. பெருமாளை எழுப்பிவிட்டுத்தான் மைத்துனன் கல்யாணம் என்பவரிடம் என்ன பேசுவது!

ஊர் எல்லையில் ஒரு பங்க்கில் ஐநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம். முந்தைய இரவு மழை வெளுத்து வாங்கியிருந்தது. தாமரைப்பாக்கம் தாண்டியதும் கார் இருமியது, திணறியது, நின்றேவிட்டது. எங்களுக்கு முன்னால் இரண்டு பைக்கும் ஒரு ஸ்கூட்டரும் அதேபோல் ஓரங்கட்டி நின்றன. விசாரித்தால் எல்லாரும் அதே பங்க்!

பக்கத்துக் கடை மெக்கானிக் கொஞ்சம் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

"பங்க் தொட்டியில மழைத் தண்ணி எறங்கிக்குது சாமி. உங்க பம்ப் அத்த இழுத்துக்கினு மாட்டிக்குச்சு. டேங்கைக் கழட்டணும், சாயங்காலம் ஆவும்."

மணி எட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதே, பெருமாள் பார்த்துப்பார்" என்றார் இவர்.

"அவரைப் பார்க்கப் போய்த்தானே இந்தக் கதி!"

அப்போது ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள், பொங்கல் பானை, வேப்பிலைக் கட்டு, கால்களைக் கட்டிய இரண்டு சேவல்கள். திருநின்றவூரிலிருந்து பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்த்திக்கடன். மூத்தவர் பெயர் கன்னியம்மா. விஷயத்தைக் கேட்டவர், "ஏறும்மா, நம்ப வண்டி டீசலு. பெரியபாளையத்துல பஸ்ஸு புடிச்சிக்கலாம்" என்றார். பளிச்சென்று திருமண் இட்ட இவர் இரண்டு சேவல்களுக்கு நடுவில் உட்கார்ந்த காட்சியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

பெரியபாளையத்தில் ஒரே கூட்டம். ஆடி முடிந்தும் அங்கே திருவிழா முடிவதில்லை. பஸ் எதுவும் நகரவில்லை. இறங்கப் போன என் கையைக் கன்னியம்மா பிடித்துக்கொண்டு, வண்டி ஓட்டிய மருமகனிடம், "கும்மிடிப்பூண்டிக்கு வுடு" என்றார்.

"அத்தை, திரும்பி வர்றதுக்குள்ள பொங்க வெக்க எடம் கெடைக்காது."

"ஆத்தா எங்க ஓடிடப் போறா? முகூர்த்தம் நின்னுகினு இருக்குமா? வுடு வண்டிய."

பக்கத்திலிருக்கும் ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை. ஒன்பதே முக்காலுக்கு மண்டபம். எனக்குப் பதிலாக ஒரு சித்தப்பா பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். "அக்கா வரட்டும்" என்று தம்பி தாலியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஓடினேன். தம்பி முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் நான் போட்டேன். வண்டியில் இருந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட வாசலுக்கு வந்தால், "வெரதம்மா. ஆத்தாவுக்குப் பொங்க வெச்சப்புறந்தான் பச்சத் தண்ணியே" என்று கன்னியம்மா சொல்ல, வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பும்போது, மதியம் மூன்று மணிக்குப் பெரியபாளையத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. பெருமாள் கோயிலைத் தவிர வேறு கோயில் வாசலை மிதிக்காத குடும்பம் எங்களுடையது. நான் தயங்கினேன், இவர் கன்னியம்மாவைத் தேடி முன்னால் நடந்தார். கோயிலுக்கு வெகுதூரம் தள்ளி, வெயிலில், சாலையோரம் அவர்களைக் கண்டுபிடித்தோம். இடம் கிடைத்ததே இரண்டு மணிக்காம். பானை அப்போதுதான் பொங்கி இறங்கியிருந்தது. காலையிலிருந்து ஒருவர் வாயிலும் தண்ணீர் படவில்லை.

வெளியில் வெந்த எதையும் இவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கன்னியம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. "சாமி நம்ப பொங்கலெல்லாம் சாப்டாது இல்ல?" என்று என்னிடம்தான் கேட்டார்.

இவர் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓர் இலையை எடுத்துக்கொண்டார்.

"முதல்ல நீங்க எல்லாரும் சாப்பிடுங்கோ. மிச்சம் இருந்தா எனக்குப் போடுங்கோ."

கன்னியம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை, பிரசாதம் வாங்குகிறவர்போல இரண்டு கையிலும் இலையை ஏந்திக்கொண்டு இவர் காத்திருந்தார்.