தாடைக்குக் கீழே ஒரு காந்தம்

உம்மாவுக்கு என் வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஏட்டி, ஆகாசத்துல கெடந்து சுத்துத சாமான் எவன் தலையிலயாவது விழுந்தா யாரு பதில் சொல்லுவா?" என்று தாராவி வீட்டில் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் கேட்பாள். "ஒன் தலையில விழாது, பேசாம இரு உம்மா" என்று நான் சிரிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் குழுவில் பத்து ஆண்களை அதட்டி வேலை வாங்குகிற வாய் அது. அந்த வாய்தான் ஒருநாள் நாலு நிமிஷம் திறக்கவே இல்லை.

வேலை இதுதான். இருநூறு ட்ரோன்களை மைதானத்தில் வரிசையாகப் பரப்பி, இருட்டியதும் ஒன்றாக மேலே அனுப்பி, அவற்றின் விளக்குகளால் வானத்தில் படம் காட்டுவோம். எது எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே கணினியில் எழுதப்பட்டிருக்கும். கணினி முன் உட்காருகிறவர் எங்கள் சார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். மற்றவர்கள் எல்லாரும் இந்திக்காரர்கள், மராத்திக்காரர்கள். தமிழில் பேசிக்கொள்வது நாங்கள் இரண்டு பேர்தான். தலையில் துணி போட்டுக்கொண்டு வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான்.

என் வேலை தரையில். ட்ரோன் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திசைகாட்டி இருக்கிறது. அதற்கு வடக்கு எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ட்ரோனைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு ஏந்திக்கொண்டு நாமும் அதோடு ஒரு சுற்று சுற்ற வேண்டும், பிறகு மூக்கைக் கவிழ்த்து இன்னொரு சுற்று. அந்த நேரத்தில் பக்கத்தில் காந்தம் கீந்தம் இருந்தால் தப்பான வடக்கைப் படித்துக்கொள்ளும். அதனால் ஃபோன், வாட்ச், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் முதலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தனையும் விரட்டுவது நான்தான். ஒருத்தன் கை மோதிரத்தைக்கூட விட்டதில்லை.

அன்று செம்பூரில் ஒரு புதுக் கட்டடத்தின் திறப்பு விழா. உம்மாவுக்கும் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கும் முன் வரிசையில் இடம் கேட்டு வாங்கியிருந்தேன். என் வேலையை ஒருதரம் கண்ணால் பார்த்தால் உம்மாவின் பயம் தெளிந்துவிடும் என்று எண்ணம். முட்டுவலிக்காரி, படி ஏற மாட்டாள், அதனால்தான் முன் வரிசை.

இரண்டு பேரும் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். நான் அஸர் தொழுதுவிட்டு எழுந்த நேரம். ராத்தா என் தலைத்துணியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இந்த அழுக்குத் துணியோடவா நிக்கப் போற? பெரிய பெரிய ஆளெல்லாம் வாராவ" என்று குர்லா மார்க்கெட்டில் எடுத்த புதுத்துணியைப் பையிலிருந்து உருவினாள். வழுவழுவென்று தலையில் நிற்காத துணி. தாடைக்குக் கீழே மடித்து என்னவோ வைத்து அமுக்கினாள். "ஊசி குத்துனா கிழிஞ்சிரும். இது காந்தம். துணிக்கு அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. ஆடாது, அசங்காது." சொன்னாள். என் காதிலும் விழுந்தது. ஆனால் அதே நேரம் வாக்கி டாக்கியில் சார் கூப்பிட்டார். பன்னிரண்டு ட்ரோன்களுக்கு மட்டும் திசைகாட்டியை மறுபடி பார்க்கச் சொல்லிக் கணினி கேட்கிறதாம். ஓடினேன். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக நெஞ்சோடு ஏந்திச் சுற்றினேன். எல்லாம் பச்சை காட்டியது.

ஏழரை மணிக்கு மேலே அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு நிமிஷம் முன்பு, கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டை காற்றில் எழும்பியது. அதன் இரும்புக் கொக்கி டக்கென்று என் தாடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டது.

இழுத்தேன். விட்டதும் மறுபடி ஒட்டியது. யா அல்லா!

வாக்கி டாக்கி கையில்தான் இருந்தது. பொத்தானை அமுக்கினேன். "என்ன சொல்லு?" என்றார் சார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மற்றவனுக்கு வாட்ச் தப்பு, பெல்ட் தப்பு. எனக்கு மட்டும் தலைத்துணி தப்பாகிவிடும். 'அந்தத் துணியால்தான்' என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும், நாளைக்கு அதைக் கழற்றிவிட்டு வா, இல்லாவிட்டால் வராதே என்பதில் போய் நிற்கும். அந்த பயம் என் வாயைக் கட்டியது. பச்சை காட்டியதே, கணினிக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் வேறு. காந்தத்தைப் பிடுங்கிக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். இருநூறும் மேலே எழும்பின.

முதலில் மயில். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் என் பன்னிரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அடுத்து பட்டம். அப்போதும் ஒழுங்காகத்தான் நின்றன. மெதுவாகப் போகும்வரை திசைத் தப்பு வெளியே தெரியாது, வேகமாகத் திரும்பும்போதுதான் தெரியும். மூன்றாவது படம் லோக்கல் ரயில். வானத்தில் குறுக்கே ஓட வேண்டிய ரயில். அதன் கடைசிப் பெட்டிதான் என் பன்னிரண்டு.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் மடியில் இல்லை, உள்ளங்கையில் இருந்தது. காந்தம் வேர்வையில் வழுக்கியது. முன் வரிசையில் உம்மாவின் வெள்ளை முக்காடு தெரிந்தது. தலைக்கு மேலே கூரை கிடையாது. எழுந்து ஓடவும் அவளால் முடியாது.

ரயில் ஓட ஆரம்பித்ததும் கடைசிப் பெட்டி ஆடியது. ஒரு விளக்கு தன் இடத்தை விட்டு விலகி வட்டம் போட்டது. வட்டம் பெரிதாகியது.

"சார், நூத்தி எண்பத்தொம்பதிலேர்ந்து எரநூறு வர எறக்குங்க! வடக்கு தப்பு! எறக்குங்க சார்!" என்று கத்தினேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மறுநொடியே கடைசிப் பெட்டி அணைந்தது. பதினொன்று தட்டுத்தடுமாறி மைதானத்துக்குள்ளேயே இறங்கின. வட்டம் போட்டது மட்டும் கேட்கவில்லை. இறங்கிக்கொண்டே, சுற்றிக்கொண்டே, கூட்டத்தைப் பார்த்துப் போனது. நேராக அந்த வெள்ளை முக்காட்டைப் பார்த்து.

நான் ஓடினேன். ஓடி என்ன செய்வேன், கையால் பிடிப்பேனா? கலிமா வாயில் பாதி வந்தது, பாதி வரவில்லை. கூட்டத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் யாரும் வரக்கூடாத காலி நிலம் உண்டு. அதற்குள் நுழைகிற ட்ரோன் தானாகவே மோட்டாரை நிறுத்திக்கொள்ளும்படி எல்லை போட்டிருப்போம். அந்த எல்லையைத் தாண்டியதும் அதன் சத்தம் நின்றது. கல் மாதிரி விழுந்தது. முன் வரிசைக்கும் அது விழுந்த இடத்துக்கும் இருபது தப்படி இருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஜனங்கள் அதையும் படத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சாரின் மேஜைக்குப் போனேன். காந்தத்தை அதன் மேல் வைத்தேன். இரும்பு மேஜை, டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "என் தலத்துணிதான் சார். நாளைலேர்ந்து வர வேண்டாம்னா சொல்லிருங்க."

"துணியைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். "இது எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"மேல போறதுக்கு முன்னாலயே."

"அப்போதானே ரேடியோல கூப்பிட்டே? ஒண்ணுமில்லைன்னியே."

"ஆமா சார்."

"இந்தக் காந்தத்தைப் போட்டுண்டது தப்பு. யாருக்கு வேணா நடக்கும், டப்பா லிஸ்ட்ல இன்னிக்கே சேத்துடலாம். நாலு நிமிஷம் பேசாம நின்னே பாரு, அதை நான் எந்த லிஸ்ட்ல சேக்கறது?"

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லையே. இரண்டு மாதம் ட்ரோன் பக்கம் வர வேண்டாம், கேபிள் சுற்று என்றார். சுற்றினேன்.

உம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அன்று மைதானத்திலேயே சொல்லிவிட நினைத்துப் போனேன். அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "ஏளா, ஒண்ணு மட்டும் தனியா எறங்கி என்னப் பாத்து சலாம் சொல்ல வந்துச்சே, நீதான அனுப்புன?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதிலிருந்து எங்கள் சந்து முழுக்க அதே கதைதான். தண்ணீர் பிடிக்க வருகிறவளை நிறுத்தி வைத்துச் சொல்லுவாள். இப்போதெல்லாம் அவளுக்கு பயமே இல்லை. அவளுடைய பயம் மொத்தமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடி ட்ரோனோடு ஒரு மைதானம். உம்மாவும் வருகிறாளாம். நேற்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "முன் வரிசையிலயே எடம் போடு, என்ன? அது நல்ல புள்ளதான், ஆனா தூரத்துலயே நின்னுட்டு. இந்தத் தடவ இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லு."

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "உம்மா, இப்படி வந்து உக்காரு, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.