கதவில் அழியாத ஒரு நம்பர்

அறுபதுகளின் நடுவில், கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தில் எனக்கு வேலை. எங்கெங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். கழுத்தில் ஸ்டாப் வாட்ச், கையில் அட்டை, பென்சில். புது வேலை, புது மிடுக்கு. சுரங்கக் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் மனைவி டீ போடும் நேரத்தைக்கூடக் குறித்துப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் என் கண்ணில் பட்டது லேம்ப் ரூம். கீழே இறங்கும் ஒவ்வொருவரும் அங்கே தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுப்பார். லேம்ப்காரர் நடந்து போய், அந்த நம்பர் கொக்கியில் தொங்கும் விளக்கை எடுத்துக்கொண்டு, டோக்கனை அங்கே மாட்டிவிட்டு வருவார். ஷிப்ட் முடிந்தால் விளக்கைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்கவும் இதே கதை. வாசலில் வரிசை நிற்கும், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் காத்துக் கிடக்கும். வருகையைத்தான் டைம் ஆபீஸில் பதிகிறார்களே, இது எதற்கு இரண்டாவது தடவை என்று நினைத்தேன். விளக்குகளை மேஜைமேல் அடுக்கி வைக்கலாம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போகட்டும், டோக்கன் வேண்டாம் என்று எளிதாக எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் வரிசை காணாமல் போனது.

"இன்னா சார், மேஜிக் பண்ணிட்டீங்க! வூட்டுக்கு சீக்கிரம் போறேன், என் சம்சாரமே நம்ப மாட்டேங்குது" என்றார் பாறையில் துளை போடும் ஒரு டிரில்லர். பெரிய மீசை, பெரிய சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

 லேம்ப்காரருக்கும் என் வயதுதான். கீழே வேலை செய்தபோது அடிபட்டு ஒரு கால் விந்தும். விளக்கை எடுக்க நடந்து போகிற வேலை மிச்சமானதும், சாக்பீஸை எடுத்துக் கதவின் பின்பக்கம் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். ஒரு நாள் காலை அதையும் குறித்துக்கொண்டேன்: 'தேவையில்லாத வேலை. நிறுத்தலாம்.'

அன்று மதியமே பூமி குலுங்கியது. வீடுகளில் பாத்திரம் உருண்டால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கீழே பாறை வெடித்திருக்கிறது. நான் ஓடிப்போவதற்குள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் கேட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். கேஜ் கேஜாக ஆட்கள் வந்தார்கள். விளக்குகளை மேஜைமேல் போட்டுவிட்டுக் கிடைத்த வழியில் வீட்டுக்கு ஓடினார்கள்.

எண்ணிப் பார்த்தால் ஒரு விளக்கு குறைந்தது.

பயத்தில் யாராவது கீழே போட்டுவிட்டு வந்தாரா, இல்லை, ஒரு ஆளே கீழே இருக்கிறாரா? இருந்தால் யார், எந்த லெவலில்? ரெஸ்க்யூ ஆட்கள் தயாராக நின்றார்கள். எங்கே தேடுவது என்று அதிகாரி என்னைத்தான் கேட்டார். டைம் ஆபீஸில் வந்தவர் பெயர் இருந்தது. மேலே ஏறியவர் பெயர் இல்லை. பழைய முறை இருந்திருந்தால், டோக்கன் தொங்குகிற கொக்கியைப் பார்த்தாலே போதும். என் கையில் விநாடிக் கணக்கு மட்டும்தான் இருந்தது. 

"இங்க வாங்க சார்" என்று கூப்பிட்டார் லேம்ப்காரர். கதவைச் சாத்தி அதன் பின்பக்கத்தைக் காட்டினார். அழித்து அழித்து வெளுத்துப்போன பலகையில் ஒரே ஒரு நம்பர் மிச்சம் இருந்தது. "எல்லார் மூஞ்சியும் தெரியும், நம்பரும் தெரியும். எறங்கறப்போ எழுதுவேன், ஏறி வந்தா அழிச்சிடுவேன். இவர் இன்னும் கீழ கீறாரு."

அது மீசைக்கார டிரில்லரின் நம்பர்.

அவர் வேலை செய்த இடத்துக்கு நேராகப் போனார்கள். கூரையைத் தாங்கும் மர முட்டுகளுக்கு இடையில் கால் சிக்கி, குரல் கொடுக்கத் தெம்பில்லாமல் கிடந்தாராம். இரண்டு மணி நேரத்தில் மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. அவர் மனைவி கேட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை, லேம்ப் ரூம் சுவரோரம் நின்று அழுதேன்.

பிறகு லேம்ப்காரரிடம், "முதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகக்கூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க வாச்சைப் பாத்தீங்க, என்னை எங்க சார் கேட்டீங்க?" என்றார். "கால்ல அடிபட்ட அன்னிக்கு நான் கீழ மாட்டிக்கினப்போ, என் டோக்கன் தொங்கறதைப் பாத்துதான் தேடி வந்தாங்க. நீங்க என் கையைச் சும்மா ஆக்கிட்டீங்க, அதான் எழுதினு இருந்தேன்."

மறுநாளே கொக்கிகள் பழையபடி வந்தன, வரிசையும் வந்தது. சில மாதம் கழித்து டிரில்லரும் அந்த வரிசையில் வந்து நின்றார். என்னைப் பார்த்து, "இன்னா சார், மறுபடியும் லேட்டு" என்று அதே சிரிப்பு சிரித்தார்.

ஓய்வு பெறும்வரை வீணாகும் நேரத்தைத் தேடும் வேலையைத்தான் செய்தேன். ஆனால் ஒரு வேலையைத் தேவையில்லை என்று எழுதப் பென்சிலை எடுத்தால் அந்தக் கதவும் அதில் நின்ற நம்பரும் கண்ணுக்குள் வரும், முதலில் அதைச் செய்கிறவரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.