பலகைமேல் நிற்கப் பழகிய மாதங்கள்

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், காசநோய் வந்தது. அப்போது ஜூரோங்கில் ரேடியோ பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. அங்கே எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. கிளமெண்டியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவர், மாமியார், நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம். உடம்பு வீக்கா இருக்கு, சத்து ஊசி போடுறாங்கன்னு சொல்லிக்கலாம்," என்றார் கணவர்.

அவருடைய அப்பா அந்த நோயில்தான் இறந்தார். அதனால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

தினமும் காலையில் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். ஆறாவது வாரம் இருமல் நின்றது. சந்தோஷப்படக்கூட நேரமில்லை, சில நாட்களிலேயே தரை ஆடத் தொடங்கிவிட்டது. நடக்கும்போது கடைப்பலகையின் எழுத்துகள் மேலும் கீழும் குதித்தன. வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் நான் அசையாமல் நிற்க வேண்டும். ஓயாத குமட்டல் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லாரோடும் எழுந்து நின்று கண்ணை மூடினேன். அடுத்த நொடி முன்பெஞ்சின்மீது சரிந்து கிடந்தேன். மாமியார்தான் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். வீடு திரும்பும் பஸ்ஸில் என் காதோரம் குனிந்து, "எத்தன நாள் தள்ளிப் போயிருக்கு?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மாமியார் மாங்காய் வாங்கி வந்து, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி என் முன்னால் வைத்தார். என்னால் ஒரு துண்டைக்கூடத் தொட முடியவில்லை.

"அத்தை, இது பிள்ளை இல்ல. எனக்கு டீபி. ரெண்டு மாசமா அதுக்குத்தான் ஊசி."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அன்று சாயங்காலத்திலிருந்து எனக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைக் கணவர் எடுத்துச் சொன்னார். "உங்கப்பாவும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு," என்றார் மாமியார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் ஊசியை நிறுத்தி மாத்திரைகளுக்கு மாற்றினார். சிலருக்கு அந்த மருந்து காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பைக் கெடுத்துவிடுமாம். மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாரம் இரண்டு நாள் போகச் சொன்னார். எல்லாரும் அதை ஜிம் என்றுதான் சொன்னார்கள். சுவரோரம் பெரிய கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்பிகள், தரையோடு கிடக்கும் மரச்சட்டம், காலை உள்வாங்கும் ஃபோம் மெத்தை, ஒரு வட்டப் பலகை. பலகையின் அடியில் பாதிப் பந்துபோல ஒரு மரக்கட்டை இருந்தது. ஏறி நின்றால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

பயிற்சி கொடுத்தவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள், தமிழ்ப்பெண்.

"கால பாக்காதீங்க அக்கா. செவத்துல ஒரு இடத்தப் பாருங்க. கம்பிய லேசா தொடுங்க, போதும். ரிலாக்ஸ் லா."

இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். விரல்கள் வெளுத்துப் போயின. மூன்றாவது வாரம் அவளிடம் கேட்டேன்: "எப்ப சரியாகும்?"

"டாக்டர் சொல்லலையா? போன நரம்பு திரும்பாதுக்கா. கண்ணும் காலும் சேர்ந்து அதோட வேலையப் பாக்கப் பழகணும். அதுக்குத்தான் இந்தப் பயிற்சி."

பலகையிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் போகவில்லை. திரும்பி வராத ஒன்றுக்காக எதற்குப் பலகைமேல் நிற்க வேண்டும் என்று தோன்றியது. ஜிம்மில் கூட்டம் அதிகம், என் முறை வரவில்லை என்று கணவரிடம் பொய் சொன்னேன்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும், எங்களுக்கு ஒரு மாடி மேலே இறங்கிப் படியில் வர வேண்டும். ஒரு நாள் லிஃப்டைவிட்டு இறங்கினால் மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. இருட்டில் என் கால் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்தேன். கையால் அடுத்த படியைத் தடவித் தடவி, உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினேன். நாலைந்து படி மிச்சமிருக்கும்போது கீழே எங்கள் மாடியின் வெளிச்சத்தில் மாமியார் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

மேலே ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தினமும் இப்படித்தான் வரியா?"

"வெளக்கு இல்லாதப்ப மட்டும்."

"அந்தப் பலகைக்குப் போறதில்லயா?"

அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து கையை நீட்டினார். நோய் தெரிந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான். "நாளைக்குக் கிளம்பு. நானும் வரேன்."

வந்தார். ஜிம்மின் ஓரத்துப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் பலகையில் ஏறியதும் பயிற்சிப் பெண் அவரை அழைத்து எனக்குப் பின்னால் நிறுத்தினாள். "பிடிக்கக் கூடாது ஆன்ட்டி. விழுந்தா மட்டும்தான்." மாமியார் எண்ணத் தொடங்கினார். நாலில் விழுந்தேன். மறுபடி மூன்றில். பிறகு ஒரு முறை கம்பியைத் தொடாமல் ஒன்பதுவரை நின்றேன். பத்தைச் சொல்வதற்குள் சாய்ந்தேன்.

அதன்பின் எல்லா வாரமும் வந்தார். வீட்டில் தலையணையைத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பழகுவேன். அவர் என் பின்னால் நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். தனித் தட்டு எப்போது மற்ற தட்டுகளோடு சேர்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. கணவரும் பஸ்ஸில் ஏன் திரும்பிக்கொண்டார் என்று சொன்னதில்லை. அது மட்டும் வெகுநாள் எனக்குள் கிடந்தது.

ஐந்தாம் மாதம் பலகையில் இரண்டு நிமிஷம் நின்றேன், கண்ணைத் திறந்துகொண்டு. கண்ணை மூடினால் நாலு நொடிதான். இன்றும் அவ்வளவுதான்.

இனி வர வேண்டாம் என்று பயிற்சிப் பெண் சொன்ன அடுத்த வாரம், தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனேன். ஈரத்தரை, நாலு பக்கமும் நகரும் கூட்டம். ஒரு தூணருகே நின்று, அசையாத எதையாவது தேடிப் பிடித்துப் பார்த்து, அதுவரை நடந்து, மறுபடி நின்று, அப்படித்தான் மீன்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வரும்போது தொடை இரண்டும் நடுங்கின.

"விழுந்தியா?" என்று கேட்டார் மாமியார்.

"ஒரு தடவ சாஞ்சேன். விழல."

தலையசைத்துவிட்டு மீனை வாங்கிக் கழுவப் போனார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.