மஞ்சள் தண்ணீர் குடித்த ஸ்டியரிங்

வாய்மொழி வழக்குகளைத் திரட்டுகிறவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை, ஒரே நிகழ்ச்சியைப் பலரிடம் கேட்டு, அத்தனை பேரையும் நம்ப வேண்டியிருப்பதுதான். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கிய அன்பர்கள் இந்த அவதியை அறிவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இச்செய்தியை நான் முதலில் கேட்டது ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளியன்று, இலங்கை மலையகத்துப் பதுளையில் ட்ராக்டர் பழுதுபார்க்கும் அந்தோணியிடம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஒப்பாரி பதிவு செய்யப் போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அங்க பாட்டக் கேக்குறதுக்கு முந்தி சிவனு அண்ணன் ஸ்டியரிங் கதையக் கேளுங்க சார்" என்று அவரே தொடங்கிவிட்டார்.

மூடிக்குக் கீழே

சிவனு அத்தோட்டத்தின் சிறிய ட்ராக்டரை ஓட்டுபவர். மலையில் கொய்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்கும் வண்டி அது. ஆடி மாதத்தில் ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் புஷ் என்ற உறை தேய்ந்து, பிடிக்கும் வளையம் கையில் ஆடத் தொடங்கியது. கொண்டை ஊசியாய் வளைந்து இறங்கும் தோட்டத்துப் பாதையில் அது உயிருக்கு ஆபத்து. புஷ்ஷை மாற்றுவதென்றால் முதலில் ஸ்டியரிங்கைக் கழற்றியாக வேண்டும்.

நடுவிலிருந்த மூடியை நெம்பி எடுத்த அந்தோணிக்கு உள்ளே நட்டே தென்படவில்லை. மஞ்சளும் குங்குமமும் சந்தனமும் துருவும் ஒன்றாக இறுகிச் செங்கல் போலக் கிடந்தன. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சிவனுவின் மனைவி லெட்சுமி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அந்த ஸ்டியரிங்கின் உச்சியில் ஊற்றிப் பொட்டு வைத்துக் கும்பிடுவது வழக்கம். பன்னிரண்டு பூசைகளின் தண்ணீர் மூடிக்குள் இறங்கித் தண்டையும் வளையத்தையும் பிணைத்துவிட்டிருந்தது.

வேதக்காரர், அதாவது கிறிஸ்தவரான அந்தோணி சிரித்துவிட்டார். "என்னண்ணே, அண்ணி கும்பிட்ட கும்பிடுல இது வண்டியா கோயிலான்னே தெரியலியே! இந்த வருசமாவது கொஞ்சம் பாத்து ஊத்தச் சொல்லுங்க." லெட்சுமி மாசி மாதமே இறந்துபோனது அவருக்குத் தெரியாது. சிவனு கோபிக்கவில்லையாம். துருவையே பார்த்துக்கொண்டு சொன்னாராம்: "இருந்திருந்தா கட்டாயம் ஊத்தியிருப்பா தம்பி."

அறுக்க வேண்டாம்

அடுத்துச் சொன்னவர் பார்வதி. லெட்சுமிக்குப் பக்கத்து வீடு. ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர். ஒப்பாரிக்காகக் கருவியை முடுக்கிவிட்டு அவர் எதிரில் அமர்ந்தேன். அவர் பாடவில்லை, இதைத்தான் சொன்னார். மலையில் குளவி கொட்டி லெட்சுமி விழுந்தபோது, அதே ட்ராக்டரில், கொழுந்து மூட்டைகளின் மேல் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்களாம். ஓட்டியவர் சிவனு. பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. பின்னாலிருந்த பெண்கள் போட்ட கூச்சலைக் கேட்ட பிறகும் அவர் திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரி வாசல் வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போனாராம்.

அந்த ஸ்டியரிங் கழல மறுத்ததும் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து நின்றார். "கொழுந்து வாடுது. புது ஸ்டியரிங் வந்திருச்சு. பழச நடுவுல அறுத்துத் தூக்கிப் போடுங்கப்பா." இருபது வருட வேலையில் எதையும் கேட்டிராத சிவனு அன்று வாய் திறந்தார்: "ரெண்டு நாள் குடுங்கய்யா. மூட்டைய நானே சொமந்து எறக்கிடுறேன். அறுக்க மட்டும் வேணாங்க." சொன்னபடி சுமந்தும் இறக்கினார். அந்த இரண்டு நாளும் இறுகிய இடத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். டீசல் என்கிறார் அந்தோணி. லயத்துப் பெண்கள் கொடுத்த தேங்காயெண்ணெய் என்கிறார் பார்வதி. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஊறினால் போதுமா? சுத்தியலால் அடி என்றார் ஒருவர், வெந்நீர் ஊற்று என்றார் இன்னொருவர். இழுத்தார்கள், ஆட்டினார்கள், வியர்த்தார்கள். கொழுந்துக் கூடையோடு அவ்வழியே வந்த பார்வதி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறு ஆம்பளைங்க சேந்து அசைக்க முடியல. அவ ஒரே செம்புத் தண்ணியில ஒட்டவச்சுட்டுப் போயிட்டா பாத்தீங்களா!"

வயர் பிரஷ்

இனி மீண்டும் அந்தோணி சொன்னது. வளையத்தை இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவியின் கால்கள் பிடித்து நிற்க இடமில்லை. மஞ்சள் கட்டி மறித்தது. அதைச் சுரண்டியெடுக்காமல் வேலை நடக்காது. சிவனு அதுவரை இதை எண்ணியிருக்கவில்லை. இரும்பை அறுக்காமல் காப்பாற்றினாலும், லெட்சுமி வைத்தது தங்கப் போவதில்லை. அந்தோணி வயர் பிரஷ்ஷை எடுத்தபோது, "இங்க குடு தம்பி, அவ வச்சத நானே எடுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். கீழே பத்திரிகைத் தாளை விரித்து, ஒரு துகளும் வெளியே சிந்தாமல், அரைப் பொழுது சுரண்டினார்.

பிறகு நட்டைத் தளர்த்தினார்கள். ஆனால் முழுதாகக் கழற்றவில்லை. கடைசி இரண்டு திருகுப் புரியில் அதை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் திடீரென விடுபடும் வளையம் இழுப்பவன் முகத்தில் அடிக்கும். புல்லரை முறுக்கி, தண்டின் தலையில் மெல்லத் தட்டினார் அந்தோணி. மூன்றாம் தட்டில் பட்டென்று ஓசை கேட்டது. வளையம் துள்ளி வந்து நட்டில் முட்டி நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சிவனு மட்டும் இருக்கையில் சாய்ந்துகொண்டார். "விட்டுட்டா தம்பி."

கேட்கக் கூடாத கேள்வி

இவ்வளவும் கேட்டபின் ஆய்வாளன் சும்மா இருப்பானா? சிவனுவின் வீட்டுக்கே போனேன். துரு அரித்ததால் வண்டிக்குத் திரும்பாத பழைய ஸ்டியரிங்கைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அதன்மேல் அவருடைய ஈரச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சாயத் தண்ணி என்னும் பாலில்லாத தேநீர் கொடுத்து உபசரித்தார். தாளில் மடித்த அந்த மஞ்சள் தூளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், நடந்ததை நடந்தபடி எழுதுவதே என் தொழில் என்று விளக்கினேன். அந்த விளக்கத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சிவனு சொன்னார்: "எழுதுறது எழுதுறீங்க, அவ உசிரோட இருக்குற மாதிரி எழுதிருங்கய்யா."

தூளின் முடிவில் வழக்குகள் பிரிகின்றன. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார், அதற்குமேல் தெரியாது என்பது அந்தோணியின் வடிவம். அஸ்தியைக் கரைப்பது போல் பதுளு ஓயா ஆற்றில் கரைத்தார் என்பது பார்வதியின் வடிவம். ஆயுத பூசை முடிந்து நான் மறுபடி போனபோது மேல் லயத்துக்காரர் மூவர் தனித்தனியே எனக்குச் சொன்னதோ, புது ஸ்டியரிங்கின் மூடிக்கடியில் அதை அப்படியே அழுத்தி வைத்துவிட்டார் என்பது. இந்த ஆயுத பூசைக்கு ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு அவர் தனியாக வண்டியடியில் நின்றதையும் பார்த்தார்களாம்.

இவற்றுள் எது மெய் என்று துணிய, அந்தப் புது ஸ்டியரிங்கும் இறுகிக் கழல மறுக்கும் வரை இன்னும் ஒரு பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்தால் போதும். எனக்கு இப்போது வயது எழுபத்து நான்கு.